மாலை நேரத்துப் பெத்தாங்க்: வாசகர் கேள்வி – பதில்

புதுச்சேரியில் வெயில் தாழ்ந்ததும் மரத்தடி மண்தரையில் கூடி, ஒரு சிறு மரக்குண்டுக்கு அருகில் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் பெத்தாங்க் விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். நான் உறுப்பினராக இருக்கும் சிறிய மன்றத்தில், போட்டியும் பரிசும் இல்லாமல், மாலைதோறும் வந்தவர்கள் சேர்ந்து ஆடும் வழக்கத்தைப் பற்றியது அது. அதைப் படித்த வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒன்பதை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்): எனக்கு வயது 64. இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது சிலர் குண்டு எறிந்து ஆடுவதை நின்று பார்ப்பேன். இந்த வயதில், இந்தக் கால்களோடு, நான் போய்ச் சேர்ந்துகொள்ள முடியுமா? இந்த ஆட்டம் நம் ஊருக்கு எப்படி வந்தது?

பதில்: தாராளமாகச் சேரலாம். உங்களைப் போலக் கால் வலியால் அவதிப்பட்ட ஒருவருக்காகத்தான் இந்த ஆட்டமே உருவாயிற்று. தென் பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் இதற்கு முன்பிருந்தே ஆடப்பட்டு வரும் பழைய குண்டாட்டத்தில் குறி 15 முதல் 21 மீட்டர் தொலைவில் இருக்கும்; எதிராளியின் குண்டை அடிக்க வேண்டுமானால் மூன்று எட்டு ஓடி, அந்த ஓட்டத்திலேயே எறிய வேண்டும். மார்செய் நகருக்குத் தென்கிழக்கே, கப்பல் கட்டும் தொழிலால் பெயர்பெற்ற லா சியோத்தா என்ற கடற்கரை ஊரில், ஜூல் லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து, ஓட முடியாமல் போயிற்று. ஆட்டத்தை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்த அவருக்காக, அவருடைய நண்பர் எர்னெஸ்ட் பித்தியோ தொலைவைக் குறைத்து, இரு கால்களையும் ஊன்றி நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றினார் என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1907ஆம் ஆண்டை ஒட்டி இது நடந்தது என்பார்கள்; பெத்தாங்க் என்ற பெயரிலேயே முதல் போட்டி 1910இல் அங்கே நடந்தது. ப்ரொவான்ஸ் மொழியில் 'ஊன்றிய கால்கள்' என்று பொருள்படும் சொற்களிலிருந்துதான் பெத்தாங்க் என்ற பெயர் பிறந்தது. ஆகவே, ஓட முடியாது என்பது இந்த ஆட்டத்தில் ஒரு குறையே அல்ல.

நம் ஊருக்கு இது பிரெஞ்சு ஆட்சியின் வழியாகவும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய, நாம் 'சொல்தா' என்று அழைக்கும் முன்னாள் வீரர்களின் வழியாகவும் வந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய பிறகும், 1962இல் அது சட்டப்படி உறுதியான பிறகும், மொழியும் உணவும் தங்கியதுபோல இந்த ஆட்டமும் இங்கே தங்கிவிட்டது.

போகும்போது ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பே போய்விடுங்கள். பாதி ஆட்டத்தில் யாரும் உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது. தொடக்கத்தில் நின்றால், அணி பிரிக்கும்போது உங்களையும் எண்ணிக்கொள்வார்கள். குனிவதுதான் உங்களுக்குச் சிரமமாக இருக்கும். அதற்குக் கயிற்றின் முனையில் ஒரு காந்தத்தைக் கட்டி வைத்துக்கொண்டால், நின்றபடியே குண்டைத் தூக்கிவிடலாம். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் கையில் அந்தக் கயிறு இருக்கிறது, இளைஞர்கள்கூட வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (கடலூரிலிருந்து கல்லூரி மாணவர்): நண்பர்களோடு புதுச்சேரிக்கு வந்தபோது ஓர் ஆட்டம் பார்த்தேன். ஓர் அணி ஒரு முறை எறிந்தது. மற்ற அணி தொடர்ந்து மூன்று முறை எறிந்தது. இந்த முறை ஏன் மாறி மாறி வருவதில்லை? புள்ளிகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: ஆட்டத்தின் சுவையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. முறை என்பது ஆளுக்கு ஒன்று என்று வருவதில்லை. எந்த அணியின் குண்டு குறிக்கு மிக அருகில் இருக்கிறதோ அந்த அணி காத்திருக்கும், மற்ற அணி அதைவிட அருகில் ஒரு குண்டை வைக்கும் வரையில், அல்லது கையிலுள்ள குண்டுகள் தீரும் வரையில், எறிந்துகொண்டே இருக்க வேண்டும்.

இருவருக்கு இருவர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 குண்டு, அணிக்கு 6. (மூவருக்கு மூவர் ஆடினால் ஆளுக்கு 2, அப்போதும் அணிக்கு 6தான்.) தரையில் 35 முதல் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் கீறி, அதற்குள் நின்று, 'கொஷொனே' என்று பிரெஞ்சில் சொல்லப்படும், எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தொலைவுக்குள் விழும்படி எறிகிறீர்கள். அந்தச் சொல்லுக்குப் பன்றிக்குட்டி என்று பொருள்; அதுதான் குறி. உங்கள் அணியின் முதல் குண்டு குறிக்கு இரண்டு சாண் முன்னால் நிற்கிறது. எதிரணி எறிகிறது, பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீண்டும் எறிகிறது, குறியைத் தாண்டி ஓடிவிடுகிறது. இப்போது அவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்: இன்னொன்றை நிதானமாக வைத்துப் பார்ப்பதா, அல்லது உங்கள் குண்டையே அடித்து விரட்டுவதா? அடிக்கக்கூடியவர் வட்டத்துக்குள் வந்து நிற்கிறார். அவர் எறிந்த குண்டு தரையைத் தொடாமல் நேராக உங்கள் குண்டின் மீது இறங்கி, அதைத் தெறிக்க வைத்து, தான் அதே இடத்தில் நின்றுவிட்டால் அதற்கு 'கரோ' என்று பெயர். அது நடந்தால், சுற்றி நிற்கும் இரு அணியினரும் கைதட்டுவார்கள். இப்போது அவர்களிடம் மீதி 3 குண்டு; உங்களிடம் 5. ஆனால் அருகில் இருப்பது அவர்களுடையது. ஆகவே எறிய வேண்டியவர்கள் நீங்கள்.

இப்படி 12 குண்டுகளும் தீர்ந்த பிறகு, எதிரணியின் மிக அருகிலுள்ள குண்டைவிட அருகில் உங்கள் அணிக்கு எத்தனை குண்டு இருக்கிறதோ அத்தனை புள்ளி உங்களுக்கு. ஒரு சுற்றில் ஓர் அணிக்குத்தான் புள்ளி கிடைக்கும். சுற்றை வென்ற அணி அடுத்த சுற்றின் குறியை எறியும். முதலில் 13 புள்ளி எட்டுகிறவர்கள் வெற்றி பெறுகிறார்கள். குறியும் நகரக்கூடியது என்பதை மறக்க வேண்டாம். குண்டு பட்டு அது இரண்டடி தள்ளிப் போய்விட்டால், வெற்றி உறுதி என்று நினைத்த சுற்று அந்த ஒரு நொடியில் தலைகீழாகிவிடும்.

கேள்வி (காரைக்காலிலிருந்து வாசகர்): நல்ல குண்டு வாங்க வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது? கடையில் மலிவாகக் கிடைப்பது போதாதா?

பதில்: முதல் ஆறு மாதங்களுக்கு மன்றத்திலுள்ள பொதுக் குண்டுகளோ, பெட்டியாகக் கிடைக்கும் மலிவான விளையாட்டுக் குண்டுகளோ போதும். கை பழகிய பிறகு சொந்தமாக மூன்று குண்டு வாங்குங்கள். விதிப்படி ஒரு குண்டின் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டருக்குள்ளும், எடை 650 முதல் 800 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும்; உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும், ஈயமோ மணலோ அடைத்திருக்கக் கூடாது; செய்தவர் பெயரும் எடையும் மேலே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளங்கை கீழ்நோக்கியபடி குண்டைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உங்கள் கைக்குப் பெரியது. விரல்களுக்குள் அசைந்தாடினால் சிறியது. குறிக்கு அருகில் வைப்பதில் விருப்பமுள்ளவர்கள் 700 கிராமுக்கு மேற்பட்ட, சற்றுச் சிறிய, வரிகள் கீறிய குண்டையும், அடிப்பவர்கள் அதைவிட இலேசான, சற்றுப் பெரிய, வழவழப்பான குண்டையும் எடுப்பது வழக்கம்.

நம் கடற்காற்றில் சாதாரண எஃகுக் குண்டு விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்றால் விலை அதிகம், ஆனால் கவலை இல்லை. என்னிடம் இருப்பவை முதல் வகை. ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் துடைத்து, எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு முறை சுற்றித் தேய்த்துப் பைக்குள் போடுகிறேன். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. எஃகுக் குண்டு வருவதற்கு முன்பு மரக்குண்டின் மேல் ஆணிகளை நெருக்கமாக அறைந்து, மீன்செதில் போலக் கவசமிட்டு ஆடினார்கள். ப்ரொவான்சின் மலைப்பகுதியிலுள்ள எகீன் என்ற சிற்றூர் அந்தக் கைத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

கேள்வி (நெல்லித்தோப்பிலிருந்து வாசகர்): எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஆடுகிறோம். ஒவ்வொரு நாளும் அளப்பதில்தான் சண்டை வருகிறது. மூத்தவர் ஒருவர் வட்டத்தில் நின்றபடியே "நம்முடையதுதான் கிட்ட" என்று சொல்லிவிடுவார். வயதுக்கு மரியாதை கொடுத்து மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறோம். சும்மா ஆடும் ஆட்டத்தில் நாடாவை எடுத்து அளப்பது மரியாதைக் குறைவாகுமா?

பதில்: ஆகாது. அளக்காமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் அளவு என்பது அந்த மூத்தவரின் சொல்லைச் சந்தேகிப்பது அல்ல. எறிந்தவர் ஒவ்வொருவரின் முயற்சிக்கும் உரிய மதிப்பைக் கொடுப்பது. பரிசு இல்லாத ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது அந்த ஒரு புள்ளி மட்டும்தான்; அதையும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டால் அவர் எதற்காக எறிந்தார்?

அந்தப் பெரியவர் பொய் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். வட்டத்தில் நின்று பார்க்கும்போது நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. நமக்கு நேர் எதிரே நீளும் இடைவெளி சுருங்கித் தெரியும். இடவலமாக உள்ள இடைவெளி ஏறக்குறைய உள்ளபடியே தெரியும். ஆகவே, குறிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கும் குண்டு அருகில் இருப்பதுபோலவும், பக்கத்தில் நிற்கும் குண்டு தள்ளி இருப்பதுபோலவும் தோன்றும். எட்டு மீட்டர் நடந்து போய், குறிக்கு நேர் மேலே நின்று கீழே பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்போதும் தெரியாவிட்டால் நாடாவை எடுக்க வேண்டியதுதான்.

சென்ற மாதம் எங்கள் மன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரு பக்கமும் 12 புள்ளி. குறிக்கு முன்னால் எங்கள் குண்டு ஒன்று, வலப்பக்கம் அவர்களுடையது ஒன்று. வட்டத்தில் நின்ற ஏழு பேரும், எதிரணியினர் உட்பட, எங்களுடையதுதான் அருகில் என்றார்கள். என் கூட்டாளி கைகுலுக்கக்கூடப் போய்விட்டார். எதிரணியில் அன்று முதன்முறையாக ஆட வந்திருந்த ஒரு பள்ளி மாணவன் மட்டும், "அளந்து பார்க்கலாமா ஐயா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் நூலை எடுத்தேன். ஒரு முனையைக் குறியின் மீது படாமல் அதன் விளிம்போடு பிடித்து, மறுமுனையை எங்கள் குண்டின் வயிற்றுப்பக்கம் வரை இழுத்து, விரல் நகத்தால் அடையாளம் வைத்தேன். பிறகு அதே நூலை அவர்கள் குண்டின் பக்கம் திருப்பினேன். நகத்துக்கு முன்னால் ஒரு நெல் அகலத்துக்கு நூல் மிஞ்சியது. அவர்களுடையதுதான் அருகில். மீண்டும் ஒரு முறை அளந்தேன். அதே நெல் அகலம். ஆட்டம் அவர்களுக்குப் போயிற்று. அந்தப் பையன் மறுநாளும் வந்தான், இன்னும் வருகிறான்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. கடைசியாக எறிந்தவரோ அவருடைய அணியினரோ அளக்க வேண்டும்; எதிரணி விரும்பினால் மறுபடி அளக்கலாம். காலடியால் அளப்பதை விதி தடுக்கிறது. அளக்கிறவர் கைபட்டுக் குறியோ, கேள்விக்குரிய குண்டோ அசைந்துவிட்டால் அந்தப் புள்ளியை அவருடைய அணி இழந்துவிடும். ஆகவே நடுங்காத கையுள்ளவரை அளக்க விடுங்கள். இரண்டு குண்டும் சரிசமமாக இருந்து, யார் கையிலும் குண்டு மீதியில்லை என்றால், அந்தச் சுற்றில் யாருக்கும் புள்ளி இல்லை. உங்கள் தெருவில் நாடாவை அந்தப் பெரியவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே அளந்து சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டையிலிருந்து வாசகி): நானும் என் நாத்தனாரும் ஒரு குழுவில் ஆடுகிறோம். நன்றாக ஆடும் நான்கு ஆண்கள் எப்போதும் ஒரே அணியாகச் சேர்ந்துகொள்கிறார்கள். பல நாள் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். பெண்களுக்கென்று தனி விதி ஏதாவது உண்டா? எங்களில் ஏழு பேர், ஒன்பது பேர் என்று ஒற்றைப்படையாக வந்தால் எப்படிப் பிரிப்பது?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என்னை வருத்தப்பட வைத்தது. பெண்களுக்கென்று தனித் தொலைவோ, தனி எடையோ, தனி வட்டமோ இந்த ஆட்டத்தில் கிடையாது. பெண்களுக்கான உலகப் போட்டி 1988 முதல் நடந்து வருகிறது. தாய்லாந்தில் மன்னர் பூமிபோலின் தாயார் ஸ்ரீநகரிந்திரா இந்த ஆட்டத்தை விரும்பி ஆடி, மக்களிடையே பரப்பினார். இன்று அந்த நாட்டுப் பெண்கள் உலகின் முன்வரிசை ஆட்டக்காரர்களில் இருக்கிறார்கள். உங்களைத் திண்ணையில் உட்கார வைத்தது விதி அல்ல, உங்கள் குழுவின் பழக்கம்.

அதற்கு மருந்தும் பழக்கத்திலேயே இருக்கிறது. பிரான்சில் சிறிய மன்றங்களில் நண்பர்களாக ஆடும்போது அணிகளைத் திருவுளச் சீட்டு முறையில் பிரிப்பதுண்டு. இதை 'மெலே', அதாவது கலத்தல், என்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் எண் எழுதிய சீட்டை எடுப்பார்கள். யாரோடு யார் என்பதைச் சீட்டு சொல்லும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுபடி சீட்டு. நேற்று எதிரியாக இருந்தவர் இன்று கூட்டாளி ஆகிறார். நன்றாக அடிப்பவர் புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் முன்னாலேயே விழும்படி எறியுங்கள்" என்று சொல்லிக் கொடுக்கும்படி ஆகிறது. எங்கள் மன்றத்தில் இரண்டாண்டுகளாகச் சீட்டு இல்லாமல் ஆட்டமே தொடங்குவதில்லை. சீட்டுக்குப் பதில், எல்லோரும் ஆளுக்கு ஒரு குண்டைக் குறியை நோக்கி எறிந்து, அருகில் நின்றவர்கள் ஓர் அணி, தள்ளி நின்றவர்கள் மறு அணி என்று பிரிப்பதும் சில இடங்களில் உண்டு; ஆனால் அது நன்றாக ஆடுபவர்களையே மறுபடி ஒன்றுசேர்த்துவிடும். உங்களுக்குச் சீட்டே சரி.

ஏழு பேர் வந்தால் மூவருக்கு நால்வர் என்று பிரியுங்கள். மூவர் அணியில் ஆளுக்கு 2 குண்டு, மொத்தம் 6. நால்வர் அணியில் இருவருக்கு 2, இருவருக்கு 1, அதுவும் 6. ஒரு குண்டு மட்டும் பெறுபவர்கள் ஆட்டந்தோறும் மாறிக்கொள்ள வேண்டும். ஒன்பது பேர் என்றால் ஓர் இடத்தில் இருவருக்கு இருவர், இன்னோர் இடத்தில் மூவருக்கு இருவர்: மூவர் அணியில் ஆளுக்கு 2, இருவர் அணியில் ஆளுக்கு 3. இது போட்டி விதியில் இல்லை. ஆனால் மாலையில் ஆட வந்த ஒருவர்கூடத் திண்ணையில் உட்கார வேண்டியதில்லை.

கேள்வி (அரியாங்குப்பத்திலிருந்து வாசகர்): நான் எறியும் குண்டு எப்போதும் குறியைத் தாண்டி ஓடிவிடுகிறது. மெதுவாக எறிந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி எறிகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும், நான்கு விரல்களும் சேர்ந்து குண்டைத் தாங்க வேண்டும். தோளிலிருந்து ஊசல் போல ஆட்டி விடும்போது குண்டு விரல்நுனி வழியாக உருண்டு வெளியேறி, பின்னோக்கிச் சுழன்றபடி போகும். தரையில் விழுந்த பிறகு அந்தப் பின்சுழற்சிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

இரண்டாவது, குறியைப் பார்த்து எறியாதீர்கள். குண்டு தரையில் எங்கே விழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அந்த இடத்தைப் பாருங்கள். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருந்தால் வட்டத்துக்கு அருகிலேயே விழவிட்டு உருட்டலாம். கல்லும் மேடுமாக இருந்தால் உயரத் தூக்கிக் குறிக்குப் பக்கத்தில் விழச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே, பாதித் தொலைவில் விழுந்து மீதியை உருண்டு கடப்பதுதான் தொடக்கத்தில் உங்களுக்கு ஏற்றது. கோலி ஆடியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். குந்தி உட்கார்ந்து எறிவதையும் விதி அனுமதிக்கிறது, இரு பாதங்களும் வட்டத்துக்குள் தரையில் இருந்தால் போதும். குண்டு தரையைத் தொடும் வரை காலை எடுக்கக் கூடாது.

தாண்டி ஓடுவதைவிட முன்னால் நிற்பது மேல். "முன்னால் நிற்கும் குண்டு வெள்ளிக் குண்டு" என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். முன்னால் நிற்பது எதிராளியின் வழியை மறிக்கும். பின்னால் வரும் உங்கள் கூட்டாளியின் குண்டு அதைத் தள்ளிக் குறிக்கு அருகிலும் கொண்டுபோகக்கூடும். தாண்டிப் போன குண்டால் பெரும்பாலும் பயனில்லை.

கேள்வி (விழுப்புரத்திலிருந்து வாசகர்): எங்கள் ஊரில் ஓர் ஆடுகளம் அமைக்க விரும்புகிறோம். சிமெண்டுத் தளம் போட்டால் போதுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சிமெண்டில் குண்டு நிற்காது, தேயவும் செய்யும், புல்தரையும் பொருந்தாது. அடியில் நன்றாக இறுகிய மண்ணும், மேலே மெல்லிய படலமாகப் பொடிச்சரளையும் இருப்பதுதான் சிறந்தது. போட்டிக்குரிய களம் 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடையது. நண்பர்களாக ஆடுவதற்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. நம் செம்மண் தரையில் உதிர்ந்த சருகைப் பெருக்கிவிட்டாலே போதும். சிறு மேடு பள்ளங்களைச் சமன்படுத்தாமல் விடுங்கள், அவற்றைப் படித்து எறிவது ஆட்டத்தின் ஒரு பகுதி. முந்தைய குண்டு விழுந்து ஏற்பட்ட ஒரு குழியை மட்டும் எறியும் முன் நிரவிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது.

கேள்வி (பாரிசுக்கு அருகே சார்செலிலிருந்து வாசகர்): என் அப்பா கோடைக்காலத்தில் மூன்று மாதம் எங்களோடு தங்க வருகிறார். புதுச்சேரியில் தினமும் ஆடுபவர். இங்கே வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காது. இங்குள்ள மன்றத்தில் அவரைச் சேர்க்க உரிமச் சீட்டு வேண்டுமா? அவருக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான் தெரியும்.

பதில்: பிரெஞ்சுச் சம்மேளனத்தின் உரிமச் சீட்டு அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஆடுவதற்குத் தேவை. பொதுப் பூங்காக்களிலும் மரச்சாலைகளிலும் உள்ள ஆடுகளங்களில் நண்பர்களாக ஆடுவதற்கு எந்தச் சீட்டும் வேண்டாம். பாரிசில் ரோமானியர் காலத்து லுத்தேஸ் அரங்கத்தின் மண்தரையில்கூட மாலையில் குண்டோசை கேட்கும்; ஒரு நாள் அப்பாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பகுதி மன்றத்தில் ஆட விரும்பினால், உறுப்பினராகாமல் எத்தனை நாள் ஆடலாம் என்பதை அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. மன்றத்துக்கு மன்றம் வழக்கம் மாறும்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். வந்ததும் அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து "போன்ழூர்" சொல்ல வேண்டும், எதிரணியினர் உட்பட; ஒருவரை விட்டுவிட்டால் அது குறையாகத் தெரியும். ஒருவர் வட்டத்துக்குள் நிற்கும்போது பேசவும் நடமாடவும் கூடாது. 13க்கு 0 என்று தோற்றுவிட்டால் 'ஃபனி' என்ற பெண்ணின் படத்துக்கு முத்தமிடச் சொல்லும் வேடிக்கை வழக்கம் சில மன்றங்களில் உண்டு; அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பார். மற்றபடி, குண்டை எப்படிப் பிடிக்கிறார் என்பதைப் பார்த்ததுமே அங்குள்ளவர்களுக்கு அவர் பழைய ஆட்டக்காரர் என்பது புரிந்துவிடும்.

கேள்வி (வில்லியனூரிலிருந்து வாசகர்): என் தம்பி விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறான். முன்பு கிரிக்கெட் ஆடியவன். எங்கள் குழுவில் அவனைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம், அவன் தயங்குகிறான். விதி இடம் கொடுக்குமா?

பதில்: கொடுக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து எறிபவர், எறியும் கைப்பக்கத்துச் சக்கரம் ஒன்றையாவது வட்டத்துக்குள் நிறுத்தியிருக்க வேண்டும் என்று பன்னாட்டு விதியிலேயே இருக்கிறது. ஆகவே இது நீங்கள் காட்டும் சலுகை அல்ல என்பதை முதலில் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு இருக்கும் அதே தொலைவு, அதே எடை, அதே 13 புள்ளி.

நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. சாலையிலிருந்து வட்டம் வரைக்கும் சரளையில் சக்கரம் புதையும். இரண்டு பலகைகளைப் போட்டுவிடுங்கள். எறியும்போது நாற்காலி பின்னோக்கி நகராதபடி சக்கரத்தைப் பூட்டச் சொல்லுங்கள், பூட்டு தளர்ந்திருந்தால் பின்னால் ஒரு செங்கல் வையுங்கள். கைப்பிடியின் உயரம் ஊசலாட்டத்தைத் தடுத்தால், கழற்றக்கூடிய பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிடலாம். முதல் வாரம் 6 மீட்டருக்குச் சற்று மேலே குறியை எறிந்து ஆடுங்கள். உட்கார்ந்த நிலையில் தோளுக்குப் புதிய அசைவு பழக நாளாகும். முதலில் எழுதிய லாஸ்பேட்டை ஆசிரியருக்குச் சொன்ன காந்தக் கயிற்றை இவருக்குச் சற்று நீளமாகக் கட்டிக் கொடுங்கள். அவருடைய குண்டுகளை யாரும் பொறுக்கிக் கொடுக்க வேண்டாம், அவரே தூக்கிக்கொள்வார்.